கண்ணை மூடினால் கருப்புதான்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. குடை பிடித்தும் கால்சட்டை முழங்கால் வரை ஈரம். பாலர் பள்ளியில் கதை நேரம் நடத்திக்கொண்டிருந்தேன், வலது கண் ஓரத்தில் ஒரு கருப்புத் திரை. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. மதியத்துக்குள் பாதிக் கண் வரை ஏறிவிட்டது.

கிளினிக். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து, வெளிச்சம், மேலே பார், கீழே பார். டாக்டர் சின்னப் பெண், பொறுமைசாலி. விழித்திரை பிய்ந்துவிட்டதாம். வியாழன் ஆப்ரேஷன். பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

இடது கண்ணோ பிறந்ததிலிருந்து பேருக்குத்தான். கொட்டை எழுத்து தெரியும். முகம் எல்லாம் பிசைந்த மாவு. ஆக, எனக்கு இருப்பதே ஒரு கண். அதற்கும் இந்த கதி.

டாக்ஸியில் என் வீட்டுக்காரர் சே. என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் டாக்ஸியில் கையைப் பிடித்தது இன்றுதான்.

"எதுக்கு பயப்படுற? கண்ண மூடினாலும் நானும் யாழியும் தெரிவோம்ல?"

"எங்க தெரியறீங்க? கருப்புதான் தெரியும்."

சிரித்தார். நான் தமாஷ் பண்ணுகிறேனாம்.

"நெசமாத்தாங்க கேக்கறேன். உங்களுக்கு நான் தெரிவேனா?"

"தெரிவியே. மங்கலா. ஆனா நீதான்னு தெரியும் லா."

ஈசூனில் வீடு வரும்வரை கண்ணை மூடி மூடிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 5, புதன்

வெயில். மெடிக்கல் லீவ். தேக்கா சந்தையில் வாங்கியவை: கறிவேப்பிலை, ஸ்ட்ரா, குப்புறப் படுக்க வளைந்த தலையணை, தடித்த மார்க்கர். மீன் மறந்தாச்சு.

மகள் யாழி பள்ளியிலிருந்து வந்ததும் சே. நேற்றைய டாக்ஸிப் பேச்சை உளறிவிட்டார். செகண்டரி போனதிலிருந்து அவளுக்கு எல்லாவற்றையும் போனில் தேடிப் பார்த்தாக வேண்டும்.

"அம்மா, கண்ண மூடிட்டு ஒரு ஆப்பிள நினைங்க. என்ன கலர்?"

"சிவப்புன்னு வச்சுக்கோயேன்."

"வச்சுக்கறது இல்லம்மா. என்ன கலர் தெரியுது?"

ஒரு கலரும் தெரியவில்லை. ஆப்பிளைப் பற்றி எல்லாம் தெரியும். ருசி, கனம், காம்புப் பக்கம் குழி. படம் மட்டும் கிடையாது. அவளுக்கோ ஆப்பிள் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கூடத் தெரிகிறதாம். அதன் ஓரம் கிழிந்திருக்கிறதாம்!

இதற்குப் பெயரே இருக்கிறது. அஃபான்டேசியா. படித்துக் காட்டினாள். நோய் இல்லையாம். சிலருக்கு மனதில் நேரில் பார்ப்பதுபோலவே தெரியும், பலருக்கு மங்கல், கொஞ்சப் பேருக்கு ஒன்றுமே இல்லை. என்னைப்போல் பிறவியிலேயே இல்லாதவர்கள் பலர், "மனக்கண்" என்பதை எல்லோரும் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்களாம். அச்சு அசல் நான். கதை நேரத்தில் நானே சொல்வேன், கண்ணை மூடி யானையை நினைங்க என்று. தன் யானை நீலம், கண்ணடிக்கிறது என்று ஒரு வாண்டு சொன்னபோது, அடேயப்பா என்ன புளுகு என்று ரசித்தேன். அது பார்த்துச் சொல்லியிருக்கிறது.

கனவு எனக்குப் படமாகத்தானே வருகிறது? அப்படியும் உண்டாம். கனவு தானாக வருவது, இது நாமாக வரவழைப்பது.

பிறகு அவள் முகம் மாறியது.

"அப்ப நான் ஸ்கூல்ல இருக்கும்போது? என் ஃபேஸ் உங்களுக்கு வராதா?"

"நீ எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியும்டி."

"தெரியறது வேற, பாக்கறது வேற. உங்களுக்கு நான் ஒரு லிஸ்ட்டாம்மா?"

கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

மாலை சிராங்கூன் சாலைக் கோயில். தீபம் காட்டும்போது எல்லோரும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். இவ்வளவு தூரம் சாமி பார்க்க வந்துவிட்டு, சரியாகத் திரை விலகும் நேரத்தில் ஏன் மூடுகிறார்கள் என்று எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். இன்று வரவில்லை. அவர்களுக்கு உள்ளேயும் பார்க்க ஏதோ இருக்கிறது.

மற்றவர்களுக்குப் பார்வை போனால் பழைய படமாவது மிஞ்சும். எனக்கு என்ன மிஞ்சும்? யாழி முகம் அத்தோடு போச்சா? எழுதினால் பயம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

மார்ச் 8, சனி

மார்க்கர். கொட்டை எழுத்து. இடது கண் உபயம்.

ஆப்ரேஷன் ஆயிற்று. கண்ணுக்குள் வாயு அடைத்திருக்கிறார்கள். அந்தக் குமிழி மேலே எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம், அதனால் நான் முகம் கவிழ்ந்தே இருக்க வேண்டும். தின்பது, தூங்குவது, அழுவது எல்லாம் குப்புற. முக்காலி மேல் நோட்டு, நோட்டுக்கு மேல் என் மூக்கு. கழுத்து விண்விண் என்கிறது. வலது கண்ணில் வெளிச்சம் உண்டு, உருவம் இல்லை.

யாழி ஸ்ட்ரா போட்டு மைலோ கொண்டுவந்து வைக்கிறாள், போகிறாள். எனக்குக் கிடைப்பது அவள் பாதம் மட்டும்.

அடுப்படியில் பேச்சு:

"அம்மாகிட்ட போயி கொஞ்ச நேரம் உக்காரும்மா."

"எதுக்குப்பா? நான் எழுந்து வந்ததும் அவங்களுக்கு பிளாங்க்தானே."

சுருக்கென்றது. கவிழ்ந்தபடியே அவள் முகத்தை வரவழைக்க முயன்றேன். இடது புருவத்தில் தழும்பு, சைக்கிளில் விழுந்தது. முன்பல் ஒன்று லேசாக எட்டிப் பார்க்கும். அப்பா மூக்கு. சொல்லிக்கொண்டே போக முடிகிறது, ஒன்றுசேர்ந்து முகமாக வரமாட்டேன் என்கிறது. அவள் சொன்னது சரிதான். லிஸ்ட்தான்.

மார்ச் 12, புதன்

செக்கப். விழித்திரை ஒட்டியிருக்கிறது. நன்றாகவா? பொறுத்துப் பார்க்க வேண்டுமாம். இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இனி நிமிரலாம். குமிழி சுருங்கச் சுருங்கப் பார்வை மேலிருந்து கீழாகத் தெளியும் என்றார் டாக்டர். மனதில் படம் வராததைப் பற்றியும் கேட்டேன். நான் கண் டாக்டர், அது என் பேட்டை இல்லை என்று சிரித்தார்.

சே. பஸ்ஸில் ஏதோ படித்துவிட்டுச் சமாதானம் சொன்னார். மனதில் வரவழைப்பது வேறு வேலை, நேரில் பார்த்து அடையாளம் கண்டுகொள்வது வேறு வேலையாம். என்னைப்போன்ற பலருக்கு இரண்டாவது ஒழுங்காகவே இருக்குமாம்.

நேரில் பார்க்கக் கண் வேண்டுமே ஐயா.

மார்ச் 15, சனி

இடது கண்ணைப் பொத்திச் சோதனை. காலை: ஒன்றுமில்லை. குளித்துவிட்டு: ஒன்றுமில்லை. சே. திட்டினார். அவர் குளிக்கப் போனதும் மறுபடி பார்த்தேன். ஒன்றுமில்லை.

மார்ச் 17, திங்கள்

புழுக்கம். பள்ளி விடுமுறை. எழுந்து இடது கண்ணைப் பொத்தினால், மேலே ஒரு பட்டை! மின்விசிறி இறக்கை. அதில் ஒட்டடை. இத்தனை அழகான ஒட்டடையை நான் பார்த்ததில்லை. அதற்குக் கீழே எல்லாம் தளும்பும் தண்ணீர். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம்.

யாழி மைலோவோடு வந்தாள். வைக்கக் குனிந்தவள் தலை அந்தப் பட்டைக்குள் வந்தது.

"யாருடி உன் முடிய வெட்டினது? நெத்தியே காணோம்! யாரக் கேட்டு வெட்டுன?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. மக் அவள் கையிலேயே நின்றது.

"வெட்டி ரெண்டு நாளாச்சும்மா. அப்பா இன்னும் கவனிக்கவே இல்ல."

"அவரு எத கவனிச்சாரு."

"ஆனா முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? படம்தான் இல்லையே?"

"தெரியல. ஆனா இது இல்ல. இது உன் நெத்தி இல்ல."

அவள் மக்கைக் கீழே வைத்தாள். என் முன்னால் தரையில் உட்கார்ந்து முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"நல்லா இருக்கா?"

"கண்றாவியா இருக்கு."

சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், இரண்டும் ஒன்றாக. புருவம் வரைதான் தெரிந்தது. அதற்குக் கீழே தண்ணீர்.

"என் கண்ணு எப்பம்மா தெரியும்?"

"வரும். ஆடாம உக்காரு."