விழக்கூடாத பெட்டி

மார்ச் 5, ஞாயிறு

கீலுங்கில் மழை என்று எழுதுவது மைக்குக் கேடு. ஆனாலும் மழை.

வீட்டுக்காரர் சிங்ஹுவாய் இன்று வண்டியை விற்றுவிட்டார். வாங்கியவர் ஆ-துவான், நுவான்நுவான் பகுதி ஆள். கொசுவலைச் சுருள்கள், கண்ணாடி வெட்டும் பலகை, கூரைமேல் ஒலிபெருக்கி எல்லாம் வண்டியோடு போயிற்று. "கொசுவலை மாத்தறோம்! ஜன்னல் கண்ணாடி மாத்தறோம்!" என்று அவர் குரலிலேயே ஊரெல்லாம் கத்திய சனியன். அது குரலா? சத்தம். என் தலைவலிக்கெல்லாம் அதுதான் காரணம் என்று சொல்லிவந்தேன். இன்று வண்டி சந்து திரும்பும்வரை இரண்டு பேரும் நான்காம் மாடி ஜன்னலில் நின்றோம்.

ஊருக்கெல்லாம் வலை மாட்டியவர் வீட்டில் சமையலறை வலை கிழிந்தே கிடக்கிறது. "நாளைக்கு" என்பார். இனி சொல்லவும் மாட்டார். 27ஆம் தேதி அறுவை. புற்று குரல்வளையில். முழுதாக எடுத்துவிடுவார்களாம்.

மார்ச் 11, சனி

ஆஸ்பத்திரிப் பெண் ஒரு யோசனை சொன்னாள். இப்போதே நிறையப் பேசிப் பதிவு செய்துகொண்டால், பிறகு அவர் எழுதுவதை அவர் குரலிலேயே போன் படிக்குமாம்.

முதலில் அவர் பதிந்த வாக்கியம்: "ருய்ஃபென், சோறு எங்க?"

"இதுக்கு யந்திரம் எதுக்கு? தட்டைத் தட்டினா போதாதா?" என்றேன். சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கடைசியில் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ தனியாகப் பேசினார்.

"என்ன பேசினீங்க?"

"அப்புறம் கேட்டுக்க. இப்பக் கேட்டா என் முன்னாடியே அழுவ. எனக்கு அது ஆகாது."

மார்ச் 18, சனி

கம்ப்யூட்டரில் இடமில்லை. எல்லாப் பதிவும் மகள் யுன்ஷான் கல்லூரியில் வைத்திருந்த பழைய டிஸ்க்கில் இருக்கிறது. அது இப்போது டக் டக் என்கிறது. தைனானிலிருந்து போனில் அவள், "நெட்ல ஏத்திடும்மா" என்றாள். ஏற்றிப் பார்த்தேன். பாதியில் நின்று பாஸ்வேர்ட் கேட்டது. எனக்கு என்ன தெரியும்? "அப்ப புதுசா ஒண்ணு வாங்கி, ரெண்டுலயும் வச்சுக்கோம்மா."

அதற்காகத் தைபேய், குவாங்ஹுவா கம்ப்யூட்டர் கடைத்தொகுதி. முதல் கடைக்காரர் கட்டைவிரல் பருமனில் ஒன்றைக் காட்டினார். "சில்லு வகை அக்கா. உள்ள அசையற சாமானே இல்ல. கீழ போட்டு மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

எதிர்க்கடை அம்மாள் அங்கிருந்தபடியே குரல் கொடுத்தாள். "மிதிக்கலாம்! ஆனா கரண்டு காட்டாம வருஷக்கணக்கா டிராயர்ல போட்டா மறந்துரும். சுத்தற வகைதான் அக்கா கெட்டி. விழாம மட்டும் பாத்துக்கணும்."

ஒன்று கீழே விழக்கூடாது. இன்னொன்றைத் தனியாக விடக்கூடாது. அந்த இரண்டு வகையுமாக எங்கள் வீட்டில் ஏற்கெனவே நாங்கள் இருக்கிறோமே என்று தோன்றியது.

"என்ன வைக்கப் போறீங்க? படமா?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுக்காரர் பேச்சு."

"ஓ, தேர்தல்ல நிக்கறாரா?"

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. மிளகு பன் வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டேன்.

"டிஸ்க் வாங்கப் போனவ பன்னு வாங்கிட்டு வந்திருக்கா" என்றார். சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

மார்ச் 20, திங்கள்

பழைய டிஸ்க்கின் மேல் ஒரு பச்சைப் பொட்டலம் வைத்தேன். 'சமர்த்தாய் இரு' என்று பெயருள்ள தின்பண்டம். மேலே வைத்தால் யந்திரம் மக்கர் பண்ணாது என்று இங்கே ஒரு நம்பிக்கை. நான் வேலை பார்க்கும் பஸ் ஆபீஸில் டிக்கெட் யந்திரத்தின் மேலும் ஒன்று உண்டு. பச்சையாகத்தான் இருக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் யந்திரம் படுத்துக்கொள்ளும். தேதி கடந்ததை வைத்தால் அதைவிட மோசம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். டக் டக் குறைந்திருக்கிறது.

மார்ச் 27, திங்கள்

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவு மூடும் முன், "ஜன்னலைச் சாத்திட்டு வந்தியா?" என்றார். சாத்தினேன் என்றேன். அவ்வளவுதான்.

இல்லை என்று பொய் சொல்லியிருந்தால் திட்டவாவது இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பார்.

ஏப்ரல் 13, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்தில் துளை. கையில் வெள்ளைப் பலகை. முதலில் எழுதியது: 'சோறு எங்க?'

அவர் தனியாகப் பேசியதை இன்னும் நான் கேட்கவில்லை. தைரியம் வரட்டும். வழியில் ஒரு கடையில் அந்தச் சில்லு வகையையே வாங்கிவிட்டேன். தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல முடியாது. இனிமேல் ஆராயத் திராணியில்லை.

ஏப்ரல் 15, சனி

எழுதவே கை வரவில்லை.

பழையதிலிருந்து புதியதுக்குப் பிரதி போய்க்கொண்டிருந்தது. முதலில் யுன்ஷான் கல்யாண வீடியோ. ஆமை வேகம். மறுபடி டக் டக். ஏன் என்று பார்த்தால் பொட்டலத்தின் தேதி முந்தாநாளோடு முடிந்திருக்கிறது! ஆஸ்பத்திரி அலைச்சலில் கவனிக்கவில்லை. மழையில் ஓடிப்போய்ப் புதியது வாங்கிவந்தேன். பழைய பொட்டலத்தை இழுத்தேன் — அதன் மூலை ஒயரில் மாட்டியிருந்தது — டிஸ்க்கும் கூடவே வந்து தரையில் —

சும்மா இருந்திருக்கக் கூடாதா நான்? அது பாட்டுக்குப் போய்க்கிட்டுதானே இருந்துச்சு! ஒரு பொட்டலம், போயும் போயும் ஒரு தின்பண்டப் பொட்டலம்...

புதியதில் கல்யாண வீடியோ பாதி இருக்கிறது. அதில் அவர் வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏப்ரல் 22, சனி

பழுது பார்க்கும் இடத்தில் திறந்து பார்த்துவிட்டார்கள். "தட்டு முழுக்கக் கீறல் அக்கா. இதுல எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல." பழுது பார்ப்பவர் எழுந்து நின்று குனிந்து மன்னிப்புக் கேட்டார் பாவம். அவர் என்ன செய்வார்?

வீட்டில் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். பலகையில், 'பன் வாங்கிட்டு வந்தியா?' என்று எழுதினார்.

"அன்னைக்குத் தனியா என்ன பேசினீங்க? எழுதியாவது காட்டுங்களேன்."

பலகையில் ஏதோ எழுத ஆரம்பித்து அழித்தார். பிறகு, 'மறந்துபோச்சு.'

பொய். அவருக்குப் பொய் சொல்ல வராது. எழுத்தில்கூட வரவில்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

புதுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டேன். தேங்காய் ருசி. நன்றாக இருந்தது. அதுதான் ஆத்திரமாக வந்தது.

மே 17, புதன்

அவர் எழுதுவதைப் படிக்கும் போன் யாரோ ஒரு செய்தி வாசிப்பாளன் குரலில் "ருய்ஃபென், சோறு எங்க" என்கிறது. எனக்குச் சோறு போட மனம் வரவில்லை. அவரும் அதை அணைத்துவிட்டுத் தட்டைத் தட்டுகிறார்.

ஜூன் 10, சனி

மழை இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சந்து முனையிலிருந்து,

"கொசுவலை மாத்தறோம்! ஜன்னல் கண்ணாடி மாத்தறோம்! கதவு உருளை மாத்தறோம்!"

கையிலிருந்த கிண்ணம் தொட்டிக்குள் விழுந்தது. முன்னறையைப் பார்த்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறார். வாய் திறந்திருக்கிறது. சத்தம் கீழேயிருந்து வருகிறது.

கிழிந்த வலை வழியாகவே கத்தினேன். "ஆ-துவான்! நாலாவது மாடி!"

ஆ-துவான் வலைச் சுருளோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். "அண்ணன் குரல்தான் அண்ணி ஓடுது. என் குரல்ல பதிஞ்சு பாத்தேன், ஒரு ஆள் கூப்பிடல." அவசரத்தில் கீழே ஒலிபெருக்கியை நிறுத்தாமல் வந்திருந்தார். எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, "யாருய்யா அது, நிறுத்துய்யா, தலை வெடிக்குது!" என்றாள். ஆ-துவான் பதறிப் படியில் இறங்கப் போனார்.

கையைப் பிடித்துவிட்டேன். "நிறுத்தாதீங்க. வலையைப் பாருங்க."

என் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பதிந்தேன். சமையலறை வலை எப்படி மாட்டப்படுகிறது என்று சிங்ஹுவாய் பக்கத்திலேயே நின்று பார்த்தார். ஒரு மூலை தளர்வு என்று பலகையில் எழுதி ஆ-துவானைத் திரும்பக் கழற்ற வைத்தார். அதுவரை கீழே கத்திக்கொண்டே இருந்தது. கத்தட்டும்.

நாளை தைபேய் போய் அந்தச் சுற்றுகிற வகையும் ஒன்று வாங்க வேண்டும். ஒன்று இங்கே, ஒன்று யுன்ஷான் வீட்டில். மேலே எதையும் வைக்கப் போவதில்லை.