காரைக்கால் மாமாவுக்குக் கைநாட்டு மாப்பிள்ளை எழுதுவது

என் அருமைத் தாய்மாமாவுக்கு,

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி மேலே ஏறும், அடுத்தது கீழே இறங்கும். தலை நரைத்தபின் முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்தவனுக்கு இவ்வளவுதான் வரும். ஆனால் எழுதுவது நான்தான் மாமா! யாரும் என் கையைப் பிடித்திருக்கவில்லை. போன இடத்தில் உங்களுக்கு வயிறு எரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் கல்யாணம் நினைவிருக்கிறதா? அக்காள் மகனுக்கு முறை விட்டுப்போகக் கூடாதே என்று வேண்டாவெறுப்பாகப் பெண் கொடுத்தீர்கள். உங்கள் காரைக்காலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. 'மேரி' என்று நீங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், பிரெஞ்சுக்காரன் புத்தகத்திலும் பதிய வேண்டும். நான் கட்டைவிரலை மசியில் வைத்ததும், கோர்ட்டில் உங்களோடு மனு எழுதும் சிநேகிதர்களிடம் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தீர்கள். எனக்கும் புரியட்டும் என்று தமிழில் வேறு சொன்னீர்கள்: "மாப்பிள்ளைக்குப் பேரு கைநாட்டு. அதையே எழுதிக்கங்க."

நீங்கள் கண்ணை மூடும்வரை எனக்கு அதுதான் பெயர். ஒவ்வொரு விருந்திலும் ஊர்ப் பெருமை பேசுவீர்கள். எந்தக் கவர்னர் வந்தார், எந்தத் துரை உங்கள் கையைக் குலுக்கினார் என்று அடுக்குவீர்கள். கடைசியில், "கைநாட்டுக்கு இதெல்லாம் எங்க வெளங்கப் போகுது, சோத்தைப் போடுங்க" என்று முடிப்பீர்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன்.

போன வாரம் எங்கள் வாத்தியார், தெரிந்த ஊரைப் பற்றி எழுதி வாசிக்கச் சொன்னார். மற்றவர்கள் மதுரை, திருமங்கலம், மேலூர் என்று எழுத, நான் காரைக்காலை எழுதினேன். கேட்பதற்கு உங்கள் மகள் ராசாத்தியையும் கூட்டிப்போனேன்.

அரசலாற்றுத் தண்ணீரில் நெல் விளைந்த ஊர் அது என்று ஆரம்பித்தேன். சேற்றில் இறங்கியவர்கள் தமிழ் பேசினார்கள், வரப்பில் குடை பிடித்து நின்றவர்கள் பிரெஞ்சு பேசினார்கள் என்று எழுதினேன். உங்கள் கவர்னர்கள் ஒருவரையும் சேர்க்கவில்லை. உங்களை மட்டும் விடவில்லை. காரைக்கால்காரர் என்று மார்தட்டிய நீங்கள் பிறந்தது எங்கள் திருமங்கலம் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதினேன். பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுநாளே கதர்ச் சட்டைக்கு அளவு கொடுத்ததையும் எழுதினேன். மேரியில் என்னைக் கேலி செய்ததையும் எழுதினேன்.

பரவைச் சந்தையில் காய்கறி விற்கும் சின்னக்காளை எழுந்து, "அண்ணே, துரைய மறக்க உங்க மாமாவுக்கு ஒரு ராத்திரி போதுமாக்கும்!" என்றான். வகுப்பே சிரித்தது. எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா?

ராசாத்தி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்.

"ஏன் மச்சான், உங்களுக்குப் பெறகு அதே மசியில நானும் பெருவெரலத்தான வச்சேன்? அத ஏன் எழுதல?"

நான் நடையை எட்டிப் போட்டேன். அவள் விடவில்லை.

"உங்களப் பாத்துச் சிரிச்ச எங்கப்பா, என்னையப் பாத்து ஏன் சிரிக்கல?"

மாமா, ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தீர்கள். மகன்களைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பினீர்கள். பெற்ற மகளுக்கு ஓர் எழுத்தாவது காட்டினீர்களா? அவள் விரலில் இருந்த மசி உங்கள் கண்ணில் படவே இல்லையா?

மறுநாளே வகுப்பில் சேர்ந்துவிட்டாள். என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறாள். உங்கள் மூளைதான், வீணாகவில்லை. நேற்று வாத்தியாரிடம் முதல் வேலையாக, "'அப்பா'ன்னு எப்படி எழுதணும்?" என்று கேட்டாள். பாசம் என்று நினைத்து அவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்தார். "அடுத்து, 'ஏன்'னு எழுதக் காட்டுங்க" என்றாள்.

என் கோபத்துக்கு ஒரு வகுப்பு சிரித்ததே போதும். அவளுக்குப் போதாது. வருகிற வாரம் இதே கிழமை உங்களுக்குக் கடிதம் வரும். எத்தனை எழுத்து தெரிகிறதோ அத்தனையில் எழுதுவது அவள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கைத் தூண்டிவிடுவேன், ஒரு வார்த்தையும் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

உங்கள் அக்காள் மகன்,
ராசாத்தியின் புருஷன்,
மாயாண்டி