பிளேடு மாட்டியவர் பெயர்

புஜைரா
9.1.2005

அன்புத் தம்பி செல்வசிங்குக்கு,

நாகலிங்கம் அண்ணன் எழுதுவது. நான் கும்பிடும் முருகனும் நீ கும்பிடும் கர்த்தரும் உன்னையும் தங்கச்சி அற்புதராணியையும் சுகமாக வைத்திருக்கட்டும். ஒரு வருடமாக நான் கடிதம் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். ஃபோர்மேன் பிழைப்பு உனக்குத் தெரியாததா? உட்கார நேரமில்லை.

உன் கட்டிலில் இப்போது உன் மெஷினை ஓட்ட வந்திருக்கும் பீகார்க்காரர் படுக்கிறார். சமையல் முறை அவருக்கு வந்தால் தினமும் உருளைக்கிழங்குதான். உன் மீன்குழம்பை நினைத்துக்கொண்டே சாப்பிடுகிறேன்.

விஷயம் இதுதான். மரம் இழைக்கும் பெரிய பிளானருக்கு ஸ்பைரல் கட்டர் ஹெட் வாங்க மேனேஜர் சம்மதித்துவிட்டார். மூன்று நீட்டு பிளேடு மாட்டுகிற பழைய உருளை இனி வேண்டாமாம். சின்னச் சின்ன சதுர பிளேடு பதித்த உருளைதான் வேண்டுமாம். நீ அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டதுதான். நீ கொடுத்த கேட்லாக் என் பெட்டிக்கு அடியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அதில் இரண்டு வகை போட்டிருக்கிறது. எதை வாங்கலாம், நம் பழைய மெஷினில் உட்காருமா என்று விவரமாக எழுது. நான் எழுதிக் கொடுத்தால்தான் ஆர்டர் போடுவார்.

நீ கேட்ட லெட்டரை மறக்கவில்லை.

அன்பு அண்ணன்,
நாகலிங்கம்


கருங்கல்
27.1.2005

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. என் எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கையில் மூன்று விரல் இல்லை அல்லவா, இடது கையால் எழுதிப் பழகுகிறேன்.

கேட்லாக் மடிப்புக் கலையாமல் இருக்கிறதா? "மேனேஜர்ட்ட காட்டினேன்டா தம்பி, பைசா மாஃபி, காசு இல்லேன்னுட்டாரு" என்று என்னிடம் சொன்னீர்களே! அப்படியானால் நீங்கள் காட்டவே இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறீர்கள், அதுவும் என் கண் கெட்ட பிறகு.

நாகர்கோவிலில் ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியில் மெஷின் சூப்பர்வைசர் வேலை இருக்கிறது. விரல் இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம். "ஒம்ம தப்பு இல்லேன்னு அங்கயிருந்து ஒரு லெட்டர் கொண்டு வாரும்" என்கிறார் முதலாளி. என்னை அனுப்பிய பேப்பரில் என்ன இருக்கிறது? பிளேடைச் சரியாக இறுக்காதது ஆபரேட்டர், அதாவது நான், என்று இருக்கிறது. அப்படி எழுதிக் கொடுத்தது நீங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, வார விடுமுறை என்று நான் சர்ச் ஆராதனைக்குப் போயிருந்தேன். "எனக்கும் சேத்து ஜெபம் பண்ணு" என்று வண்டி ஏற்றிவிட்டதே நீங்கள்தான். நான் இல்லாத நேரத்தில் பிளேடு மாட்டியதும் நீங்கள்தான். சனிக்கிழமை காலை அது நழுவி, பலகை துள்ளி, என் கை உள்ளே போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு மீன்குழம்பை நினைத்துக்கொள்கிறீர்கள்.

'பிளேடு மாட்டியது நான்' என்று ஒரு வரி, கம்பெனி சீலோடு அனுப்புங்கள். அது வந்த பிறகு கட்டர் ஹெட் பற்றி எழுதுகிறேன்.

தம்பி,
செல்வசிங்


புஜைரா
20.2.2005

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆமாம், நான்தான் மாட்டினேன். ஜும்மாவுக்கு முன்னால் முடிக்கச் சொல்லி மேனேஜர் தலைமேல் நின்று "ஜல்தி, ஜல்தி" என்றார். கடைசி போல்ட்டை இறுக்கினேனா இல்லையா என்று சத்தியமாக நினைவில்லை. உன்னிடம் சொல்லலாம், சீல் போட்டு எழுத முடியுமா? எழுதினால் கலாஸ், கதை முடிந்தது, அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். என் மகள் சங்கீதாவுக்கு நர்சிங் படிப்பு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. நீயும் பிள்ளை பெற்றவன்தானே.

உன்னை அப்படியே விட்டுவிடவில்லை. நல்ல உழைப்பாளி, ஒழுக்கமானவர் என்று கம்பெனி சீலோடு சான்றிதழ் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். அதைக் காட்டு, வேலை கிடைக்கும்.

கட்டர் ஹெட் விஷயத்தை மட்டும் தாமதிக்காதே. பழைய பிளேடு போன வாரமும் ஆடியது. பீகார்க்காரர் பயந்து பயந்துதான் பலகையைத் தள்ளுகிறார். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

உன் அண்ணன்,
நாகலிங்கம்


கருங்கல்
18.3.2005

நாகலிங்கம் அவர்களுக்கு,

சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி வாசித்துவிட்டு, "நல்லவருன்னு போட்டிருக்கு, சரி. அப்பம் வெரலு எப்பிடியாக்கும் போச்சு?" என்று கேட்டார். வேறு வழி இல்லாமல் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "இதுல சீல் எங்க? இத நீரே எழுதிக் கொண்டாந்தா எனக்குத் தெரியவா போவுது?" என்றார். சூப்பர்வைசர் வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. பாவம் பார்த்து எனக்கு கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்திருக்கிறார். உள்ளே பிளானர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு லாரி நம்பர் எழுதுகிறேன். உங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதை மறைக்க மாட்டேன்.

கட்டர் ஹெட் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பீகார்க்காரர் கை என்ன பாவம் செய்தது? அவருக்காக எழுதுகிறேன்.

இரண்டு வகையில், சதுர பிளேடுகள் சாய்ந்து உட்கார்ந்திருப்பதை வாங்குங்கள். அது மரத்தைச் சாய்வாகச் சீவும். கணு வந்தாலும் பிய்க்காது, பலகை துள்ளுவது குறையும், சத்தமும் குறைவு. மோட்டாருக்கு இழுவை கொஞ்சம் கூடும், நம் மெஷின் தாங்கும். மாடல் நம்பரையும், பேரிங் உட்காரும் இடத்தின் அளவையும் எழுதி ஆர்டர் போடுங்கள். குத்துமதிப்பாகப் போட்டால் உட்காராது. ஒவ்வொரு பிளேடுக்கும் நாலு முனை. ஒன்று மழுங்கினால் திருப்பி மாட்டலாம். மாட்டும் முன் குழியில் தூசு இல்லாமல் துடைக்க வேண்டும். கம்பெனி சொல்லும் அளவுக்குத்தான் திருகை இறுக்க வேண்டும். அதிகமானால் பிளேடு விரிசல் விடும். இதுவும் விரலை வெட்டும், மூடியைக் கழற்ற விடாதீர்கள்.

மெஷினில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். திருகு இறுக்கியவர் தேதியும் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஸ்விட்ச் போட வேண்டும். முதல் கையெழுத்தை நீங்கள் போடுங்கள். அதற்கும் விசா போய்விடும் என்று பயந்தால், அந்த பீகார்க்காரரை மெஷின் முன்னால் நிறுத்தாதீர்கள்.

உங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. இனி எனக்கு எழுத வேண்டாம்.

செல்வசிங்,
வாட்ச்மேன்