எனக்கு முன்னால் நடந்த சப்பாத்து

ராத்தா,

இன்று காலையில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சப்பாத்தின் குதி. வலது காலில் ரப்பர் பிளந்த இடத்தைக் கறுப்பு நூலால் தைத்திருந்தது. காரைதீவுச் சந்திச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கியிருந்தார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து, அந்தப் பக்கம் போய்த் திரும்பவும் ஏற வேண்டும். நான் வழக்கம்போல நிலத்தைப் பார்த்தே நடந்தேன். அந்தச் சப்பாத்து எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

உங்கள் முகத்தைவிட உங்கள் குதிதான் எனக்குப் பழக்கம். ஆறு நாள் அதைப் பார்த்துக்கொண்டே மலை ஏறியவள் நான். அதனால் நிமிர்வதற்கு முன்பே நீங்கள் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் நாலு மாதமாகிறது. நிமிர்ந்தேன். அதைப் போட்டிருந்தவர் உங்கள் மாமி, உங்கள் கணவரின் உம்மா.

பஸ்ஸில் மாமி எனக்கு முன் சீட்டில் இருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. என் பின் சீட்டில் இரண்டு பெண்கள்.

"முன்னுக்கு இரிக்கிற ஆரெண்டு தெரியுமா? பாலமுனை ஆள். மருமகள இத்தாவெண்டு அறைக்குள்ள வெச்சி, மருந்துக்கும் உடாம மௌத்தாக்கினவ."

"அந்த மனிசியா? பாத்தா பாவம்போல இரிக்கி."

"செஞ்ச பாவத்த நெத்தியில எழுதி ஒட்டியா இரிக்கும்?"

மாமிக்குக் கேட்டது. மடியில் இருந்த பையை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றி வைத்தார். அவ்வளவுதான்.

நடந்தது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். முழுக் கதையும் இப்போது உயிரோடு இருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜெய்லானிப் பள்ளியிலிருந்து, ஆதம் நபியின் பாதம் பதிந்த பாவாதமலை வரைக்கும் நடந்தே போவதாக என் சாச்சாவும் சாச்சியும் நிய்யத்து வைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று வருடமாக அடுப்படியில் இருக்கிறாள், இவளும் வெளியைப் பார்க்கட்டும் என்று உம்மா என்னையும் சேர்த்து அனுப்பினார். ஜெய்லானி அடிவாரத்தில்தான் உங்களைக் கண்டேன். நீங்கள் உங்கள் தாய்மாமனோடும் அவர் மனைவியோடும் வந்திருந்தீர்கள். அவர் சம்மாந்துறையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்களுக்கும் அதே நிய்யத்துத்தான் என்று அவர் சொன்னதும், மூன்று பேரும் மூன்று பேரும் ஆறு பேரானோம். அன்றிரவு காதுக்குள் ரீங்காரமிட்டு எல்லாரையும் நுளம்பு கடித்தது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பலாங்கொடையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. உங்கள் மாமா ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கியர் மாற்றுவார். "செக்கன் கியர், செக்கன் கியர்" என்பார். இன்னும் செங்குத்தானால், "பஸ்ட் கியர். ஆரும் ஹோர்ன் அடிக்காதீங்க."

"பிரேக் இரிக்கா மாமா?" என்று கேட்பீர்கள்.

"பிரேக் பின்னால வருது" என்று தன் மனைவியைக் காட்டுவார்.

அட்டைக்கடிக்குக் காலெல்லாம் சவுக்காரம் பூசிக்கொண்டு நடந்தோம். பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடொன்றில் தேத்தண்ணீரும் ரொட்டியும் தந்தார்கள். "பஸ்ஸுதான் ஓடுதே, ஏன் நடக்குறீங்க?" என்று அந்த வீட்டுக்காரி கேட்டாள். "முப்பது வருஷம் ஓட்டி அலுத்துப் போச்சி மகள்" என்றார் உங்கள் மாமா. அவள் சிரித்து முடித்து, உங்கள் சப்பாத்து பிளந்திருப்பதைக் கண்டு ஊசி நூலோடு வந்தாள். அதைக் கழற்றியபோதுதான் அது ஆணின் சப்பாத்து என்பதும், விரல் பக்கம் துணி அடைத்திருப்பதும் எனக்குத் தெரிந்தது.

அன்று பின்னேரம் நீங்களாகவே சொன்னீர்கள். "இது எண்ட அவர் பந்து விளையாடப் போடுறது."

தொண்ணூறில், சண்டை நடந்த நாட்களில், ஒருநாள் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனவர் அவர். வரவில்லை. ஜனாஸாவாக உடலும் வரவில்லை. மகன் வந்தால் முதலில் பெண்டாட்டி வீட்டுக்குத்தான் வருவான் என்று மாமி தன் பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நாலு வருடம் பார்த்து, பிறகு விதவையாக நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருக்கலாம் என்று மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் காதியார் சொல்லியிருந்தார். நாலு வருடமும் முடிந்திருந்தது.

"பயணத்துல நாலு ரக்அத்துத் தொழுகைய ரெண்டாச் சுருக்கலாம்" என்றீர்கள். "காத்திரிக்கிற நாலு வருஷத்த ஆரும் சுருக்கித் தரல்ல புள்ள."

நான் உங்கள் குதியைப் பார்த்தேன்.

"நீ கதைக்காத ஆள். அது நல்லம். உனக்கிட்டச் சென்னா கிணத்துல போட்ட கல்லு."

அதை அன்றைக்குப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு நல்லதண்ணியிலிருந்து ஏறினோம். மேலே போய்ச் சேர மத்தியானம், லுஹர் நேரமாகிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை, எல்லாப் பக்கமும் பனிப்புகார். உங்கள் மாமா சுவரில் சாய்ந்து, "நியூட்டல்" என்றார். "இவ்வளவு நடந்து வந்தா வெள்ளச் சீலையத் தொங்கப் போட்டிரிக்கி" என்று சாச்சி குறைப்பட்டார். எல்லாரும் சிரித்தோம்.

லுஹர் தொழுத பிறகு நீங்கள் தனியாக இன்னொரு தொழுகைக்குக் கை கட்டினீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன். நீங்கள் ருகூவுக்குக் குனியவில்லை, சுஜூதுக்குப் போகவில்லை. நின்றபடியே நாலு தக்பீர் சொல்லி ஸலாம் கொடுத்தீர்கள். குனியாமல் தொழுவது இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை ஒன்றுதான். கணவரை நீங்கள் அந்த இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினீர்கள். ஆறு பேரில் அதைக் கண்டது நான் மட்டும். நீங்கள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள். நானும் ஆட்டினேன்.

ஊர் திரும்பிய வாரமே இத்தா இருக்கத் தொடங்கினீர்கள். "எண்ட மகன் மௌத்தெண்டு எண்ட வாயால செல்ல மாட்டன், ஆனா உன்ன மறிக்கவும் மாட்டன்" என்று மாமி சொன்னாராம். உங்கள் அறைக்குத் திரைச்சீலை கட்டியதும் அவர்தானாம்.

அதற்குள் எனக்குக் காய்ச்சல். நடுங்கும், பிறகு வேர்க்கும், ஒருநாள் விட்டு மீண்டும் நடுங்கும். கல்முனை ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி இரத்தம் பார்த்து மலேரியா என்றார்கள். குளிசை தந்தார்கள். ஒரு கிழமையில் எழும்பிவிட்டேன். எழும்பியதும் உங்களைப் பார்க்க வந்தேன்.

நல்ல மத்தியான வெயில். நீங்கள் இரண்டு போர்வைக்குள் இருந்தீர்கள். "பாவாதமலைக் குளிரு இன்னம் உடல்ல" என்றீர்கள். பல் கிட்டியது.

"ராத்தா, எனக்கும் இப்பிடித்தான் வந்த. ஆஸ்பத்திரிக்குப் போனா சுகமாகும்" என்றேன். அவ்வளவு நீளமாக நான் உங்களிடம் பேசியது அதுதான்.

நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். கை கொதித்தது. "மாமிட்டச் செல்லாத. செல்லினா இப்பவே வான் புடிச்சிக் கொண்டு போயிருவா. வெளிய போனா இத்தா முறிஞ்சிரும். நாலு வருஷம் நிண்டு தொடங்கினது. மறுகா முதல்ல இருந்து தொடங்க என்னால ஏலா."

எனக்கு அந்தச் சட்டம் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நாங்கள் இருவரும் யாரிடமும் கேட்கவில்லை.

மாமி தேத்தண்ணீர் கொண்டு வந்தார். நீங்கள் போர்வையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து இருந்தீர்கள். மாமி உங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவள்ட முகம் ஏன் இப்பிடி வெளிறிக் கிடக்கு? கேட்டா வெக்கையெண்டு செல்றாள். காய்ச்சலா புள்ள?"

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள் உங்கள் மாமா சைக்கிளில் வந்து மௌத்துச் செய்தி சொன்னார். கடைசி இரவு உங்களுக்கு நினைவு தப்பிய பிறகுதான் மாமிக்கு விளங்கியதாம். ஜனாஸா வீட்டில் திரைக்கு அந்தப் பக்கம் மௌலவி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். நோய்க்கு மருந்தெடுக்க வெளியே போகலாம், இத்தாவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்றார். நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து தேங்காய் துருவினேன். தம்பிக்குச் சோறு போட்டேன். நாலு மாதமாக அப்படித்தான். உங்களை நினைத்தால் உள்ளே ஒன்றும் அசைவதில்லை. அன்றைக்கு மலையில் நின்ற புகார் மாதிரி. அதற்குள் நின்றுகொண்டு வேலை செய்கிறேன்.

இன்று பஸ் நிந்தவூரைத் தாண்டியும் பின் சீட்டில் கதை நிற்கவில்லை.

"ஒரு குளிசையாவது வாங்கிக் குடுத்திரிக்கலாம். கல்லு மனசு."

"மகன் போன ஆத்திரத்த மருமகள்ல தீத்திரிக்கா."

நான் திரும்பினேன். "அப்பிடியில்ல" என்றேன்.

"என்ன புள்ள? பஸ் சத்தத்துல விளங்கல்ல. வாயத் தொறந்து செல்லு."

எழும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "மாமிக்குத் தெரியா. ராத்தாதான் காய்ச்சல மறைச்ச. மாமி எனக்கிட்டக் கேட்ட. எனக்குத் தெரியும். நான்தான் இல்லையெண்டு தலையாட்டின."

பஸ்ஸில் மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ ஆரு புள்ள?"

"அவவோட பாவாதமலைக்கு நடந்த ஆள்."

கேட்டவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். முன் சீட்டில் மாமி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் நிலத்தைப் பார்க்கவில்லை.

ஒலுவில் சந்தி போனது. "பாலமுனை, பாலமுனை" என்று கண்டக்டர் கம்பியில் தட்டினார். மாமி பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். இறங்கினார்.

என் டிக்கட் இன்னும் தள்ளி இருக்கிற அக்கரைப்பற்றுக்கு. அந்தச் சப்பாத்துக்குப் பின்னால் நானும் இறங்கினேன்.