ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் கதை

என் கண்ணான முனுசாமி,

உன் கதைகளைப் போட்ட பத்திரிகைக்காரர், உன் முதல் புத்தகத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்கிறார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், என்னத்தை எழுதுவேன்? உன்னிடம் பேசுகிற மாதிரி எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நீ எழுத வரும்வரை கதையில் பேய் என்றால் பாழடைந்த பங்களா, வெள்ளைச் சேலைதானாம். நீதான் அதை நம் தங்கச் சுரங்கத்துக்கும், நாம் குடியிருக்கிற லைன் வீட்டுக்கும் கூட்டிவந்தாயாம். இன்றைக்கு மெட்ராஸில் பேய்க்கதை எழுதுகிற பிள்ளைகளெல்லாம் உன்னைப் பார்த்து எழுதுகிறவர்களாம். பெற்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? வேண்டும் முனுசாமி. நீ வேண்டும்.

புத்தகத்தை மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தேன். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கி ஏற்றுகிற கேஜில் கீழே போனவர்களைவிட ஓர் ஆள் கூடுதலாக மேலே ஏறி வருகிற கதைக்கு அன்று எப்படி நடுங்கினேன்! இப்போது, அந்த ஆள் நீயாக இருக்கக் கூடாதா என்று படித்தேன்.

அடுத்தது, ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் கதை. பாறை வெடித்துச் சுரங்கத்துக்குள்ளேயே புதைந்துபோனவன், ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதியதும் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடுகிறான். கருமாதி செய்யும்வரை வந்துகொண்டே இருக்கிறான். அந்தக் கதை வந்தபோது எதிர்வீட்டு ராணி சண்டைக்கு வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா?

"இன்னாடா முனுசாமி, எங்கூட்டுக்காரரு வந்தா மொதல்ல காலு கீதான்னு பாத்துட்டுத்தான் கதவத் தொறக்கறேன். அவரு என்னத் திட்றாரு, நான் உன்னத் திட்றேன்!"

நீ சிரித்த சிரிப்பில் டீ வேட்டியில் கொட்டியது.

பிறகு பாறை வெடித்தது. நீயும் உள்ளேயே இருந்துவிட்டாய். உடம்புகூட மேலே வரவில்லை. கருமாதிக்கு நாள் குறிக்கச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். நான் விடவில்லை. நீ எழுதியதை நம்பினேன். பகல் ஷிஃப்ட் சங்கு ஊதினால் உனக்குச் சோறு போட்டு வைக்கிறேன். மகன் பேயாகவாவது வரட்டும் என்று எந்த ஊர்த் தாயாவது காத்திருப்பாளா? சோறுதான் காய்ந்துபோகிறது. ஏன் வரவில்லை?

நேற்றுச் சங்கு ஊதியதும் உன் மகள் செல்வியைக் காணவில்லை. தேடினால் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடக்கிறாள். அவளும் உன் புத்தகத்தைப் படித்திருக்கிறாள்.

"ஆயா, அப்பா வந்துட்டாரா? அவரு போனப்புறம் சொல்லு, வெளிய வரேன்."

உன் பெண்டாட்டி என்னைத் திட்டவில்லை. "பாத்தீங்களா அத்தே? அவரு தோள விட்டு எறங்காத கொயந்த இது," என்றாள். அவ்வளவுதான்.

உன்னை நினைத்தால் செல்வி அழட்டும். ஒளியக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை கருமாதி வைக்கச் சொல்லிவிட்டேன். உடம்புக்குப் பதிலாக உன் சட்டையை வைத்துச் செய்வார்களாம். இனிமேல் சங்கு ஊதினால் உனக்குச் சோறு போட மாட்டேன், சத்தியம். ஒருவேளை இப்போதுதான் கிளம்பி வந்துகொண்டிருக்கிறாயோ என்னவோ. அப்படியானால், ராசா, திரும்பிப் போய்விடு.

பெற்ற பிள்ளையை வராதே என்று சொல்லிவிட்ட
உன் அம்மா,
சாம்பியன் ரீப்ஸ்.