மூன்றாம் அறை வெந்நீர்

மே 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். பதினொரு பெட்ஷீட்டும் கொடியிலேயே நனைந்துவிட்டன. துவைத்ததும் நான், இவரிடம் பேச்சு வாங்கியதும் நான்.

இன்றைக்கு: 1-ஆம் அறையில் தலையணை உறை மாற்ற. பால் கூடுதலாக. 4-க்குக் காரம் இல்லாத சட்னி. 3-இல் பாத்டப் தேய்க்க.

அந்த பாத்டப். ஹோம்ஸ்டே ஆரம்பித்து ஆறு வருஷம், தினமும் தேய்க்கிறேன். ஒரு நாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை. பின்கட்டில் எங்களுக்கு ஒரு பக்கெட், ஒரு மக். சீசனில் அதுவும் ஐந்து நிமிஷம்.

3-ஆம் அறைப் பெண் குளித்துவிட்டு வந்து சொல்கிறாள்: "ஆன்ட்டி, நீங்க குடுத்து வச்சவங்க. வருஷம் பூரா கொடைக்கானல்லயே இருக்கீங்க." சிரித்துவைத்தேன்.

ஒரு மணி நேரம். வெந்நீர். யாரும் கூப்பிடக் கூடாது. பெரிய ஆசையா இது?

மே 13, புதன்

பொய் சொல்லிவிட்டேன். 3-இல் கீசர் ஓடவில்லை, நாளைக்கு அந்த அறையை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று இவரிடம். நாளை ஜீப்பில் கெஸ்ட்டுகளை மன்னவனூர் கூட்டிப் போகிறார், திரும்ப சாயங்காலம் ஆகும். வீட்டில் நான் மட்டும். துண்டு எடுத்து ஒளித்து வைத்தாயிற்று. பொய்யை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

மே 14, வியாழன்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

மன்னவனூர் கிளம்பும் முன் வெள்ளனே எலக்ட்ரீசியன் சாகுல் அண்ணனை வரச் சொல்லிவிட்டார் இவர். அண்ணன் சுவிட்சைப் போட்டார். கீசர் விளக்கு பளிச்சென்று எரிகிறது.

"நல்லாத்தானம்மா ஓடுது?"

இவர் பக்கத்திலேயே நிற்கிறார். "சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாதுண்ணே."

"அப்ப உள்ள உப்பு படிஞ்சு கெடக்கும். கழட்டிக் கொண்டுபோய்ப் பாத்துர்றேன். சனிக்கிழமைக்குள்ள வெரசா மாட்டிரலாம்."

நல்ல கீசரைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போனார். வண்டி வரைக்கும் நானே குடை பிடித்தேன்.

இவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "குளிக்கவா இம்புட்டு?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியாது.

மே 16, சனி

கீசர் வரவில்லை. சாகுல் அண்ணன் போன் எடுக்கவில்லை. 3-க்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம், மூன்று மணிக்கு.

"பாத்டப்புக்காகத்தான் புக் பண்ணிருக்காங்க. பின்னாடி விறகு பாய்லர்ல காயவச்சு ரொப்பிரு ரோஸு." இவர். சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விட்டார்.

விறகு ஈரம். கண்ணெல்லாம் புகை. பதினெட்டு பக்கெட், பின்கட்டிலிருந்து படியேறி. இடுப்பு விட்டுப்போயிற்று. தொட்டி நிறையவும் போன் வரவும் சரியாக இருந்தது: மலைப்பாதையில் டிராஃபிக், வர ஐந்து மணி ஆகுமாம்.

ஐந்து மணிக்கு இது பச்சைத் தண்ணீர். மறுபடி பதினெட்டு. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே கையை உள்ளே விட்டேன். இதமான சூடு.

எழுந்துபோய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

கழுத்து வரை வெந்நீர். அம்மாடி! முதுகு என்று ஒன்று எனக்கு இருப்பதே மறந்துபோயிருந்தது.

எவ்வளவு நேரமோ. கதவு தட்டும் சத்தம்.

"ரோஸு! உள்ள என்ன சோலி?"

"குளிக்கிறேன்."

"எதுல?"

"பாத்டப்புல."

"ஏம்மா, டிராஃபிக் விட்டு அவங்க வந்துட்டாங்க! கேட்ல நிக்கிறாங்க!"

வேறு நாளாக இருந்தால் ஈரத்தோடு ஓடியிருப்பேன். எழவில்லை. சிரிக்கிறாரா என்று காது கொடுத்துக் கேட்டேன். இல்லை.

"உக்கார வச்சுக் காபி போட்டுக் குடுங்க. நான் வர நேரமாகும்."

செருப்புச் சத்தம் அடுக்களைப் பக்கம் போய், திரும்பிக் கதவுக்கே வந்தது.

"காப்பித்தூள் எங்க இருக்கு?"

நான் சொல்லவில்லை.