வலப்பக்கக் கதவு

லாஸ் ஏஞ்சல்ஸ்
1952 மார்ச் 28, வெள்ளி

என் ஹோரஸுக்கு,

நானும் ரோஸலியும் நலம். உன் இருமல் விட்டிருக்க வேண்டும் என்பதே என் முதல் வேண்டுதல். இதைத் தபாலில் போடவில்லை. அக்கா மில்ட்ரெட் காரில் எல்லை தாண்டி, நீ ஒளிந்திருக்கும் என்செனாடாவுக்கே கொண்டுவருகிறாள். படித்ததும் அவள் கண்முன்னால் எரித்துவிடு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். செவ்வாயன்று உன் படத்தின் ஒன்பதாம் காட்சியை எடுத்தார்கள். உன் படம் என்று நான் எழுதுவதே தப்பு. உன் பெயரை ஸ்டூடியோக்கள் தடை செய்திருக்கும்வரை ஊரறிய அது வெண்டல் எழுதிய படம். கொலைகாரன் வலப்பக்கக் கதவால் நுழைகிறான் என்று எழுதியிருந்தாய். தச்சர்களும் வலப்பக்கம் கதவு வைத்துவிட்டார்கள். ஒத்திகையில் அவன் நுழைந்ததும் ஜன்னலருகே இருந்தவள் நேராக அவன் முகத்தையே பார்த்துவிட்டாள். அவள் பார்க்காததில்தான் கதையே இருக்கிறது!

டைரக்டர் கத்தினாராம்: "யாருய்யா இது, நாடகக்காரன் மாதிரி எழுதிவச்சிருக்கான்? வெண்டல், உனக்கு இடது கை எது, சோத்துக்கை எதுன்னாவது தெரியுமா?" எல்லோரும் சிரித்தார்கள். ரேடியோவுக்கு எழுதுவதைத் தவிர வேறெதையும் அறியாத வெண்டலும் சேர்ந்து சிரித்தான். சிரிக்காதவள் ஒருத்திதான். மடியில் திரைக்கதையும் கையில் ஸ்டாப்வாட்சுமாக ஒவ்வொரு ஷாட்டுக்கும் குறிப்பெடுக்கும் மிஸ் கெஸ்லர்.

நேற்று நான்கு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். கையுறையைக் கழற்றவில்லை. வைத்த காபியைத் தொடவில்லை.

"உங்க வீட்டுக்காரரோட ரெண்டாவது படத்துல இதே தப்ப பதினாலு இடத்துல நான்தான் திருத்தினேன்" என்றாள். "மேடையில வலதுன்னா நடிகரோட வலது. இங்க கேமராவோட வலது. எத்தன தடவ சொல்லியிருப்பேன்! மனுஷன் இன்னும் நியூயார்க் மேடையிலயேதான் நிக்கிறாரு."

வெண்டலும் இளவயதில் நாடகம் போட்டவன்தான் என்றேன்.

"அவரா? மைக்க விட்டு ரெண்டடி தள்ளி நின்னா அவருக்குப் பேச்சே வராது. பொய் சொல்லாதீங்க மிசஸ் லிண்ட்குவிஸ்ட், உங்களுக்கு அது வரல."

தப்பு என்னுடையது, ஹோரஸ். உன் பக்கங்கள் வந்ததும் வெண்டலின் டைப்ரைட்டரில் நானே அடிக்கிறேன். காகிதத்தை மாற்றினேன், ஓரத்தை மாற்றினேன், நீ வாக்கியத்துக்கு வாக்கியம் வைக்கும் மூன்று புள்ளிகளையும் எடுத்தேன். அந்தக் கதவு மட்டும் என் கண்ணில் படவில்லை. உன் முதல் நாடகத்திலிருந்து பதினாறு வருடமாக உனக்கு அடித்துக் கொடுக்கிறேன். வலது என்றால் எனக்கும் உன் நடிகனின் வலதுதான்.

பிறகு அவள் கைப்பையிலிருந்து ஒரு இளஞ்சிவப்புக் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். உன்னைத் தேடும் அதே கமிட்டியின் சம்மன். யார் யார் கம்யூனிஸ்ட், அவர்களோடு யார் பழகினார்கள் என்று சொல்ல வேண்டுமாம். ஏப்ரல் 7, திங்கள், காலை பத்து மணி.

உன்னைப் பற்றிக் கேட்பார்களா என்றேன். "கேக்காம? மூணு படம் அவரோட வேல பாத்திருக்கேனே" என்றாள். அவள் என்ன சொல்வாள் என்று நான் கேட்குமுன் அவளே சொன்னாள்: "தைரியசாலி இல்ல நான். அங்க உக்காந்ததும் என் வாயிலேர்ந்து என்ன வரும்னு எனக்கே தெரியல. தெரியாததாலதான் இப்பவே சொல்ல வந்தேன்." வாசல்வரை போய்த் திரும்பி, உன் முதல் நாடகத்தைச் சிகாகோவில் மூன்று முறை பார்த்ததாகச் சொன்னாள். அழுதாளா என்று தெரியவில்லை. தெருவில் யாராவது நிற்கிறார்களா என்பதில்தான் என் கண் இருந்தது.

நின்றது. பச்சை ஃபோர்டு, உள்ளே இரண்டு பேர். இன்று காலையும் நின்றது. ரோஸலி பள்ளிக்குப் போகும்போது அதில் ஒருவன் தொப்பியை எடுத்து அவளுக்கு வணக்கம் சொன்னான். அவள் பதிலுக்குக் கையசைத்தாள்.

உன் பெயர் வெளிவந்தால் படம் நிற்கும், வெண்டல் தொலைவான். அவனிடம் சொல்லிவிட்டேன். "பத்தாவது காட்சி எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டான். வராது என்றேன். இனி எனக்கு ஒரு பக்கமும் அனுப்பாதே.

ஈஸ்டருக்கு இரண்டு நாள் வந்துவிட்டுப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். சான் டியாகோ பஸ், பின்சந்து, சமையலறைக் கதவு என்று எல்லாம் யோசித்து வைத்திருக்கிறாய். வராதே. உன்னைப் பிடித்தால் சிறை என்று வக்கீல் சொன்னது உனக்குத் தெரியும். ரோஸலிக்கு நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. நீ வந்து கதவைத் தட்டினால், வெளியே யார் நின்றாலும் நான் திறந்துவிடுவேன். அதனால்தான் கெஞ்சுகிறேன், வராதே.

என்றும் உன்
எட்னா